ஆச்சியும் பெரியப்பாவும் சேர்ந்து பேசினால்: உதட்டைப் பார்த்துக் குரலைப் பிரித்த வேலை

ஒருவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்கும் குடும்பமாக எங்களுடையது இருந்திருந்தால் இந்த வேலைக்கே அவசியம் வந்திருக்காது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாங்கள் மும்பை தாராவிக்கு வந்துசேர்ந்த கதையை ஆச்சி, பெரியப்பா, அத்தை மூவரையும் பேசவைத்து, போனில் வீடியோவாக எடுத்து, எழுத்தாக்கி வைத்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். எடுப்பது சுலபமாக முடிந்துவிட்டது. எழுத்தாக்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன்.

ஆச்சி பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே பெரியப்பா "இல்லம்மா, அப்படி இல்ல" என்று உள்ளே நுழைந்துவிடுவார். ஆச்சி நிறுத்த மாட்டார், குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அத்தை ஒரு தீர்ப்பு சொல்வார்.

நான் பயன்படுத்திய பேச்சறி மென்பொருள் தமிழை மோசமில்லாமல் எழுதக்கூடியது. ஒருவர் மட்டும் பேசும் இடங்களில் திருத்துவதற்கு அதிகம் இல்லை. இரண்டு குரல் மோதும் இடத்தில் ஒன்று, சத்தமாகப் பேசியவரை மட்டும் எழுதும். இல்லையென்றால் அந்தத் துண்டையே தாண்டிப் போய்விடும். இந்த இரண்டையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக ஒன்று செய்யும்: ஆச்சியின் பாதியையும் பெரியப்பாவின் பாதியையும் ஒட்டி, யாருமே சொல்லாத ஒரு வாக்கியத்தைத் தரும். படித்தால் நல்ல தமிழாக இருக்கும், சந்தேகமே வராது.

ஒரு உதாரணம். மும்பையில், பாந்த்ராவில் இருந்த கசாப்புக்கூடம் 1971இல் தேவனாருக்கு மாறியது. தாத்தா வேலை பார்த்த தோல் பட்டறைக்குப் பச்சைத் தோல் பாந்த்ராவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தாத்தா அந்த வேலையை விட்டது 71க்கு முன்பா பின்பா என்று ஆச்சிக்கும் பெரியப்பாவுக்கும் இன்றுவரை வழக்கு. மென்பொருள் எழுதிக் கொடுத்தது: "தேவனாருக்குப் போன பொறவுதான் அவுக வேலைய விட்டாக." காதை வைத்து மறுபடி மறுபடி கேட்டால், "தேவனாருக்குப் போன பொறவுதான்" என்றது பெரியப்பா. "அவுக வேலைய விட்டாக" ஆச்சி. ஆச்சி சொன்ன முழு வாக்கியம் "பாந்த்ராவுல இருக்கையிலயே அவுக வேலைய விட்டாக" என்பது. நேரெதிர்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயத்தை எங்கள் வீட்டில் ஒருவர் தனியாகச் சொல்லிவிட்டுப் போவார். ஒத்துக்கொள்ளாததைத்தான் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். ஆகவே குறுக்குப் பேச்சு வரும் துண்டுகளை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. வெட்டினால் கதையில் உயிர் உள்ள இடமெல்லாம் அதோடு போய்விடும்.

ஒலியை மட்டும் வைத்து

முதலில் வீடியோவை ஓரமாக வைத்துவிட்டு ஒலியை மட்டும் பிரித்துப் பார்த்தேன். இதற்கு கான்வ்-டாஸ்நெட் போல 2019 வாக்கில் வந்த நல்ல மாடல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கலவையைக் கொடுத்தால் இரண்டு தடங்களாகத் திருப்பித் தரும். தந்தது. சில இடங்களில் அசந்துபோகும் அளவுக்குச் சுத்தமாகவே தந்தது. ஆனால் ஒன்றாம் தடம் யார், இரண்டாம் தடம் யார் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. நீளமான பதிவைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித்தான் கொடுக்க முடியும். ஒரு துண்டில் ஆச்சி முதல் தடத்தில் இருப்பார், அடுத்த துண்டில் இரண்டாம் தடத்துக்குத் தாவியிருப்பார். இந்தத் துறையில் இதை வரிசைமாற்றச் சிக்கல் என்கிறார்கள். மாடலைப் பயிற்றுவிக்கும்போது இதைச் சமாளிக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். துண்டுகளை வீட்டில் ஒட்டும்போது நாமேதான் சமாளிக்க வேண்டும். அதோடு எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதை யார் சொல்வது?

மனிதருக்கு இந்தத் தொல்லை இல்லை. கல்யாணப் பந்தியில் எதிரே இருப்பவர் பேசுவது மட்டும் நமக்கு எப்படியோ பிடிபடுகிறது. காலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953இல் இதை 'காக்டெயில் பார்ட்டி' சிக்கல் என்ற பெயரில் ஆராய்ந்தார். காதுக்குள் எப்படிப் பிரிகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அடுத்த ஆண்டே சம்பி, பொல்லாக் என்ற இருவர், இரைச்சலில் பேசுபவரின் முகம் தெரிந்தால் பேச்சு எவ்வளவு கூடுதலாகப் புரிகிறது என்று சோதித்துக் காட்டினார்கள். இரைச்சல் கூடக்கூட முகத்தின் உதவியும் கூடியது. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் செய்தது இன்னும் வேடிக்கை: காதுக்கு 'பா' என்று கொடுத்து, கண்ணுக்கு 'கா' சொல்லும் வாயைக் காட்டினால், பலருக்கு இரண்டும் இல்லாமல் 'டா' என்று கேட்கிறது. விஷயம் தெரிந்து பார்த்தாலும் அப்படியேதான் கேட்கிறது. நானும் பார்த்தேன், ஏமாந்தேன்.

நம் மொழியிலேயே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். 'மாடு', 'பாடு' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும், உதட்டை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. காதுக்கு அது தெளிவாகத் தெரியும். 'மாடு', 'நாடு' என்பவை தலைகீழ். மின்விசிறி இரைச்சலில் இரண்டையும் காது குழப்பிக்கொள்ளும், ஆனால் 'ம'வுக்கு உதடு மூடும், 'ந'வுக்கு மூடாது. ல, ள, ழ எல்லாம் நாக்கு வாய்க்குள் செய்யும் வேலை, கேமராவுக்கு அங்கே எதுவும் கிடைக்காது. இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தால்தான் பலன்.

முகத்தைக் கொடுத்தால் என்ன மாறுகிறது

2018இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட வேலைதான் இதைப் பரவலாகப் பேசவைத்தது. யூடியூபில் ஒரே ஆள் சுத்தமாகப் பேசும் துண்டுகளை, சுமார் 4,700 மணி நேரம், ஏறக்குறைய 1,50,000 பேர் பேசியதைத் திரட்டினார்கள். அவற்றில் இரண்டு மூன்றை எடுத்து வேண்டுமென்றே ஒன்றாகக் கலந்து, முகத்தைக் காட்டி, "இந்த முகத்துக்குரிய குரலை மட்டும் கொடு" என்று மாடலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கலந்தது அவர்களே என்பதால் சரியான விடை கையிலேயே இருக்கிறது. நல்ல தந்திரம். இதே தந்திரம் கடைசியில் எனக்கும் கைகொடுத்தது, பின்னால் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது 2021இல் வந்த விஷுவல்வாய்ஸ் என்ற மாடலின் பொதுவெளியில் கிடைக்கும் நிரல். உதட்டின் அசைவு ஒரு பக்கம், முகத்தின் தோற்றம் இன்னொரு பக்கம், இரண்டையும் அது பயன்படுத்துகிறது. இந்த முகத்துக்கு ஏறக்குறைய எப்படிப்பட்ட குரல் இருக்கும் என்றும் ஊகிக்கிறது. உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால்: ஒலியை நேரமும் சுருதியுமாக விரிந்த ஒரு படமாக மாற்றுகிறது. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆச்சியின் பங்கு எவ்வளவு, மற்றவர் பங்கு எவ்வளவு என்று ஒரு சல்லடை போடுகிறது. சல்லடையின் கண் எங்கே திறக்க வேண்டும், எங்கே அடைக்க வேண்டும் என்பதை உதடு சொல்லிக்கொண்டே இருக்கிறது. தடத்தை முகத்தோடு கட்டிப்போட்டுவிட்டதால் தடம் மாறும் பிரச்சினை அங்கேயே ஒழிந்தது. ஆச்சியின் முகத்தைக் கொடுத்தால் வருவது ஆச்சியின் தடம்தான். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்ற கேள்வியும் எழவில்லை. முகத்துக்கு ஒரு முறை ஓட்டினால் போதும்.

இதைச் சொன்னதும் அலுவலக நண்பர் ஒருவர், "அப்ப உதட்டைப் பார்த்தே வார்த்தையைப் படிச்சிடுதா?" என்று கேட்டார். இல்லை. என் பதிவுகளில் உதட்டை மட்டும் வைத்து ஒரு வாக்கியத்தைக்கூட எழுத முடியாது. இந்த வாய் இப்போது அசைகிறதா, எந்த வேகத்தில், எப்போது மூடியது என்பதுதான் முக்கியமாகக் கிடைப்பது. அந்த நேரக்கணக்கே பிரிப்பதற்குப் போதுமாக இருக்கிறது. மாடல் பெரும்பாலும் ஆங்கிலப் பேட்டிகளில் வளர்ந்ததாக இருந்தும் எங்கள் திருநெல்வேலித் தமிழுக்குத் தடுமாறாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

படம் பிடிப்பதில் உள்ள சில்லறைச் சங்கதிகள்

முதல் பதிவுகளில் ஜன்னல் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. முகம் கருத்து, உதடு ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. இடத்தை மாற்றி வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்ததும் பாதி வேலை முடிந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் ஒரு சின்ன முக்காலியும், ஒயர் வைத்த காலர் மைக்கும் வாங்கினேன். ப்ளூடூத் மைக் வேண்டாம் என்று ஒதுக்கியதற்குக் காரணம் அதன் தாமதம். ஒலிக்கும் படத்துக்கும் இடையில் தாமதம் விழுந்தால் இந்த வேலையே கெட்டுவிடும். காற்றில் ஒலி வருவதால் ஏற்படும் தாமதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு மீட்டர் தூரத்துக்கு ஆறு மில்லி வினாடிதான். ஒரு வீடியோ ஃபிரேமே 40 மில்லி வினாடி.

இரண்டு முகமும் ஒரே சட்டத்தில், நேராகத் தெரிய வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் பக்கவாட்டு முகம்தான் கிடைக்கும், பாதி உதடுதான் தெரியும். அடுத்தடுத்து உட்காரவைத்தால் சண்டை போட வசதி இல்லை என்று பெரியப்பா குறைப்பட்டார். கடைசியில் ஒரு மூலையில் 'ட' போட்டாற்போல் இரண்டு நாற்காலி, கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பி. இதற்கு மேல் அவர்கள் இருவரையும் ஒழுங்குபடுத்த யாராலும் ஆகாது.

போன் வீடியோவில் ஒரு கள்ளம் உண்டு. வினாடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டாலும், வெளிச்சம் குறைந்தால் அது தன்னிஷ்டத்துக்கு ஃபிரேம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளேயரில் பார்க்கும்போது தெரியாது. ஃபிரேம்களை எண்ணி வேலை செய்யும் நிரலுக்குப் போனால், போகப்போக உதடும் குரலும் விலகிக்கொண்டே போகும். ஆகவே எதற்கும் முன்னால் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரல் வழியாக வீடியோவை வினாடிக்குச் சீராக 25 ஃபிரேமாகவும், ஒலியை 16,000 மாதிரிகளாகவும் மாற்றிவிடுவேன். அப்படிச் செய்தால் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 640 ஒலி மாதிரிகள், கணக்கு மிச்சமில்லாமல் விழும். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். உள்ளங்கைகள் சேரும் ஃபிரேமும் ஒலி அலை எகிறும் இடமும் இரண்டு முனையிலும் பொருந்தினால் மேலே போகலாம்.

அப்புறம் முகத்தைத் தேடிப் பிடிப்பது, ஒவ்வொரு ஃபிரேமிலும் இது ஆச்சி, இது பெரியப்பா என்று கோத்துக்கொண்டு போவது, வாயைச் சுற்றி 88க்கு 88 பிக்சல் சதுரமாகக் கறுப்பு வெள்ளையில் வெட்டுவது. இதெல்லாம் ஆயத்த நிரல்களாகவே கிடைக்கிறது, நீட்டி எழுத ஒன்றும் இல்லை. பெரியப்பாவின் மீசை தொல்லை தரும் என்று எதிர்பார்த்தேன், தரவே இல்லை. தொல்லை தந்தது காபி டம்ளர். டம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டே பேசும் பழக்கம் அவருக்கு. அந்த நேரத்தில் உதடு மறைந்து, அவர் குரல் ஆச்சியின் தடத்துக்குள் கசியும். பதிவு நேரத்தில் காபி இல்லை என்று ஒரு சட்டம் போட்டேன். போட்டதும் அவருக்குப் பேச்சே வரவில்லை. சட்டத்தை வாபஸ் வாங்கிவிட்டேன்.

வெற்றிலை

ஆச்சி விழித்திருக்கும் நேரமெல்லாம் வாயில் வெற்றிலை இருக்கும். உதடு அசைந்தால் பேச்சு என்று பழகிய மாடலுக்கு, பேசாமலே நாள் முழுக்க வாயசைக்கும் மனிதரைத் தெரியாது. பெரியப்பா தனியாகப் பேசும் இடங்களில் ஆச்சியின் தடத்தைத் திறந்து கேட்டால், பெரியப்பா குரலின் ஒரு தேய்ந்த நிழல் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். அதை எழுத்தாக்க மென்பொருளிடம் கொடுத்தால் அது விசுவாசமாக எழுதிவிடும், ஆச்சி சொன்னதாக. முதலில் இருந்த சிக்கல் வேறு வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

வெற்றிலையை நிறுத்தச் சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே மெல்லுவதற்கும் பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். மீடியாபைப் என்ற, முகத்தை அளக்கும் நிரல் முகத்தில் 468 புள்ளிகளை வைக்கிறது. அவற்றில் 13ஆம் புள்ளி மேலுதட்டின் உள்விளிம்பு, 14ஆம் புள்ளி கீழுதட்டின் உள்விளிம்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை, முகத்தின் உயரத்தால் வகுத்து, ஃபிரேம் ஃபிரேமாக ஒரு கோடாக வரைந்தேன். கோட்டைத் திரையில் பார்த்ததுமே விடை பாதி தெரிந்துவிட்டது. மெல்லும்போது அகலமான, ஒரே சீரான அலை, வினாடிக்கு ஒன்று அல்லது இரண்டு. பேசும்போது அசை அசையாக, சின்னதும் பெரிதுமாக, வினாடிக்கு மூன்றிலிருந்து எட்டு வரை பரபரவென்று ஏறி இறங்கும். அந்த வேகமான பகுதியை மட்டும் வடிகட்டி எடுத்து, அதில் அசைவு இல்லாத இடங்களில் ஆச்சியின் தடத்தை அடைத்துவிட்டேன்.

அடைப்பதில் ஒரு நிதானம் வேண்டும். 'அம்மா' என்று சொல்லும்போதே நடுவில் உதடு மூடுகிறது, ஒலி நிற்பதில்லை. உதடு மூடிய கணமே குரலை வெட்டினால் மகரம் எல்லாம் போய்விடும். அதனால் அரை வினாடிக்கு மேல் வாய் சும்மா இருந்தால் மட்டும் அடைப்பது என்று வைத்துக்கொண்டேன், இரு பக்கமும் கொஞ்சம் விளிம்பு விட்டு. மென்றுகொண்டே பேசும் இடங்களை இந்த வடிகட்டி தொடுவதில்லை, மாடல் கொடுத்ததே போதும் என்று விட்டுவிட்டேன். ஆச்சியின் பேச்சில் பெரும்பகுதி அந்த வகைதான், அவற்றை நம் காதே இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொள்கிறது.

சரிபார்த்தது

பிரித்த தடம் கேட்க நன்றாக இருக்கிறது என்பது போதாது. நன்றாகக் கேட்கும் தவறான தடமும் உண்டு. கூகுள்காரர்கள் செய்த தந்திரத்தை இங்கே வைத்துக்கொண்டேன். ஆச்சி மட்டும் பேசும் ஒரு துண்டு, பெரியப்பா மட்டும் பேசும் ஒரு துண்டு, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டுக் கலந்து, அவரவர் வீடியோவைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். அசல் கையில் இருப்பதால், திரும்பி வந்ததை அதோடு ஒப்பிட்டுவிடலாம். முகம் நேராகத் தெரியும் துண்டுகளில் எழுத்தாக்கம் அசலோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. முகம் அடுப்படிப் பக்கம் திரும்பிய இடங்களில், ஒலியை மட்டும் வைத்துப் பிரித்ததைவிடப் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கும் இடங்களில் எதுவும் உதவவில்லை. சிரிப்பை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பொறுமை வேண்டும். என்னிடம் இருப்பது 6 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கிராஃபிக்ஸ் அட்டை. மாடல் இரண்டரை வினாடித் துண்டுகளாகத்தான் விழுங்குகிறது என்பதால் அது போதுமானதாக இருக்கிறது. துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறும்படி நகர்த்தி, சேரும் இடத்தில் இரண்டையும் மெதுவாகக் கலந்தால் ஒட்டுத் தெரியாது. இரவு ஓட விட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும்.

எழுத்தாக்கத்தை இப்போது இரண்டு பத்தியாக, நேரத்தை நடுவில் வைத்து அச்செடுக்கிறேன். இடப்பக்கம் ஆச்சி, வலப்பக்கம் பெரியப்பா. தாத்தா வேலையை விட்ட ஆண்டு பற்றிய அந்தப் பகுதியில் இரண்டு பத்தியும் ஒரே உயரத்தில் நிறைந்து ஓடுகிறது. "பாந்த்ராவுல இருக்கையிலயே" இந்தப் பக்கம், "தேவனாருக்குப் போன பொறவுதான்" அந்தப் பக்கம். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது, 71இல் பெரியப்பா சின்னப் பையன் என்பது மட்டும் தெரியும். அச்செடுத்த தாளை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, தன் பத்தி ஆச்சியின் பத்தியைவிடச் சின்னதாக இருக்கிறது என்றார்.

தீராமல் இருப்பது அத்தை. அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வருகிறது, முகம் வருவதில்லை. முகம் இல்லாத குரலுக்கு இந்த முறையில் தடம் கிடையாது. இரண்டு பேரையும் கழித்த பிறகு மிஞ்சும் ஒலியில் அவர் இருக்கிறார், குக்கர் விசிலோடும் மின்விசிறியோடும் சேர்ந்து. அடுப்படி வாசலில் இன்னொரு போனை வைத்துப் பார்த்தேன். இரண்டு போனின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று மெல்ல விலகுகின்றன, கைதட்டலை வைத்து அதைச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் தாளிக்கும்போது யாரும் கேமராவைப் பார்த்துப் பேசுவதில்லை. இப்போதைக்கு அந்த மிச்சத் தடத்தை அத்தையிடமே ஹெட்போனோடு கொடுத்துவிடுகிறேன். தான் சொன்னதைக் கேட்டு அவரே எழுதித் தருகிறார், மற்ற இருவரும் எங்கெங்கே தப்பாகச் சொல்கிறார்கள் என்ற குறிப்புகளோடு.